வெள்ளவத்தைத் தையல் கடை ஒன்றின் இணையத்தளம்: மேலிருந்து கீழ் வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தத் தளம் நல்லது. கொழும்பில் சின்னக் கடைகள் போட்டு வைத்திருக்கிற இணையத்தளங்களில் நான் பார்த்தவற்றுள், சாரிச் சட்டை தைக்கக் கொடுக்கிற ஒருவருக்கு உண்மையாகவே உதவுகிற ஒன்று இதுதான். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் ஒளிக்காமல் சொல்லத்தான் போகிறேன், அதனால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டு மூன்று பேர் மெஷினில் இருந்து தைக்கிற ஒரு கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் பலர் தங்களுக்கும் ஒரு வெப்சைட் வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் "வடிவாக இருக்க வேணும்" என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. செய்து கொடுப்பவரும் கையிலிருக்கிற ரெடிமேட் டிசைன் ஒன்றை எடுத்து, பெயரையும் படத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். இந்தக் கடையை நடத்துகிற அக்கா வேறு விதமாகச் செய்திருக்கிறார். போனிலும் வட்ஸ்அப்பிலும் ஆக்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, தளம் செய்ய வந்த பிள்ளையிடம் அந்தக் கொப்பியைக் கொடுத்து, "இதுக்கெல்லாம் பதில் அதுக்குள்ளேயே இருக்க வேணும், நான் மெஷினை விட்டு எழும்பக் கூடாது" என்றாராம். எங்கே இருக்கிறீர்கள், எத்தனை மணி வரை, ஒரு சட்டைக்கு எவ்வளவு, எத்தனை நாளில் தருவீர்கள், அளவுச் சட்டை இல்லாவிட்டால் என்ன செய்வது, கனடாவிலிருந்து அனுப்பலாமா. தளத்தில் இருக்கிற பெரும்பாலான பகுதிகள் இந்தக் கேள்விகளில் ஏதோ ஒன்றுக்குப் பதிலாகத்தான் இருக்கின்றன, பதில் சொல்லாத பகுதிகளில்தான் குறையும் வருகிறது. அந்தக் கண்ணோடுதான் நான் மேலிருந்து கீழ் வரை பார்த்தேன்.

பக்கத்தைப் பார்க்குமுன் அதற்கு மேலே இருக்கிற முகவரியைப் பாருங்கள். கடையின் பெயர், அதன் பின் டொட் எல்கே, அவ்வளவுதான். இடையில் கோடு இல்லை, இலக்கம் இல்லை, போனில் ஒருவருக்கு வாயால் சொன்னால் அவர் பிழையில்லாமல் அடித்துவிடலாம். இலவசமாகத் தளம் செய்து தரும் இடங்களில் செய்தால் அந்த நிறுவனத்தின் பெயரும் முகவரியில் வாலாக ஒட்டிக்கொண்டு வரும், அது வேலை செய்யும்தான், ஆனால் பெயர்ப்பலகையிலும் பில்லிலும் அச்சடிக்க நீளமாகிவிடும். 2010இலிருந்து தமிழ் எழுத்திலேயே டொட் இலங்கை என்று முடிகிற முகவரியும் நமக்கு இருக்கிறது, தமிழ் வாடிக்கையாளரை நம்பி நடக்கிற கடைகள் அதையும் சேர்த்து எடுத்து வைத்தால் எனக்குச் சந்தோஷம். எதை எடுத்தாலும் அது கடைக்காரரின் பெயரில், கடைக்காரரின் ஈமெயிலில் பதிவாகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கேக் செய்து விற்கிற எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் முகவரியைத் தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்துவிட்டார். பிறகு இருவருக்கும் இடையில் காசுப் பிரச்சினை வந்தபோது தளமும் போய், பெட்டிகளில் அச்சடித்த முகவரியும் வீணாகி, அந்தப் பிள்ளை பட்ட பாடு கொஞ்சமில்லை.

2018 ஜூலையிலிருந்து குரோம் பிரவுசர், பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளத்தைத் திறந்தால் முகவரிக்குப் பக்கத்திலேயே 'பாதுகாப்பற்றது' என்று எழுதிக் காட்டுகிறது. இந்தத் தளத்தில் அது வரவில்லை. சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இடங்கள் இலவசமாகவே தருகின்றன, ஆகவே இதற்கென்று யாராவது பெரிய தொகை கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேளுங்கள். முன்பு இருந்த பூட்டுப் படத்தைக் காணவில்லை என்று பயப்படவும் வேண்டாம், 2023இல் குரோம் அதை எடுத்துவிட்டு வேறொரு குறி போட்டுவிட்டது. அந்தப் பூட்டு இருந்த காலத்திலும் கடை நேர்மையானது என்று அது சொல்லவில்லை, நாம் அனுப்புகிற விவரத்தை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதைத்தான் சொன்னது.

சரி, பக்கத்துக்குள் வருவோம். மேலே ஒரு மெல்லிய பட்டை. இடது பக்கம் கடையின் லோகோ, வலது பக்கம் போன் நம்பர், பக்கத்தில் மூன்று கோடு போட்ட மெனு. லோகோ ஒரு நூல்கட்டையும் கடையின் பெயரும்தான், போனில் சின்னதாக வரும்போதும் பெயர் வாசிக்க முடிகிறது, அது போதும். அந்த மூன்று கோட்டுக் குறி 1981இல் வந்த செரொக்ஸ் ஸ்டார் என்ற கணினிக்காக நோர்ம் கொக்ஸ் என்பவர் வரைந்தது, அவ்வளவு பழையது, ஆனாலும் அதைத் தொட்டால் உள்ளே பட்டியல் திறக்கும் என்று நம் வீடுகளில் இருக்கிற பெரியம்மா, மாமிமாருக்கு இன்னமும் தெரியாது. இங்கே கோடுகளுக்குப் பக்கத்தில் 'மெனு' என்று எழுத்திலும் போட்டிருக்கிறார்கள். நான் இந்தத் தளத்தில் மிகவும் மெச்சுகிற சின்ன விஷயங்களில் இதுவும் ஒன்று. உள்ளே ஐந்தே வரிகள்: விலை, அளவு எடுப்பது எப்படி, தைத்தவை, கடைக்கு வரும் வழி, எங்களைப் பற்றி. பெரிய நிறுவனத் தளங்களைப் பார்த்து 'எமது தொலைநோக்கு', 'எமது சேவைகள்', 'செய்திகள்' என்று அடுக்கி, திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லாத மெனுக்களைப் பார்த்துச் சலித்த எனக்கு இது ஆறுதலாக இருந்தது.

போன் நம்பர் எழுத்தாகவே இருக்கிறது, படத்துக்குள் அச்சடிக்கப்படவில்லை. தொட்டால் அழைப்புப் போகிறது, அழுத்திப் பிடித்தால் கொப்பி எடுக்கலாம். நம்பரை +94 சேர்த்து எழுதியிருக்கிறார்கள். வெள்ளவத்தைத் தையல் கடைகளுக்கு டொரன்டோவிலும் லண்டனிலும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், ஜூலை, ஆகஸ்ட் லீவுக்கு வந்து கல்யாணம், சாமத்தியவீடு முடித்துக்கொண்டு போகிறவர்கள் வருமுன்னே அங்கிருந்து ஓடர் சொல்லிவிடுவார்கள், அவர்களுக்கு 077 என்று மட்டும் எழுதினால் உதவாது.

அதற்குக் கீழே பெரிய படம். கடையின் மேசைதான், மேலே வெட்டிய பட்டுத் துணி, சோக் கட்டி, அளவு நாடா, ஒரு கை. வெளிநாட்டுப் பெண்கள் சிரிக்கிற வாடகைப் படம் இல்லை, தானாக நகர்ந்து போகிற ஐந்து படங்களும் இல்லை. நகர்கிற படங்களை நான் வெறுக்கிறேன், ஒன்றை வாசித்து முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும். படத்தின் மேல் இரண்டே வரி: 'சாரிச் சட்டை தைக்கிறோம். வெள்ளவத்தை, கொழும்பு 6.' நல்வரவு கூறுவதும் தரமே எமது தாரக மந்திரம் என்பதும் எங்கும் இல்லை. தளத்துக்கு வந்தவர் தான் தேடி வந்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறாரா என்பதை முதல் பார்வையிலேயே தெரிந்துகொள்கிறார். படத்தின் கீழே இரண்டு பட்டன்கள், ஒன்று 'வட்ஸ்அப்பில் கேளுங்கள்', மற்றது 'விலை பாருங்கள்'. தொட்டால் என்ன நடக்கும் என்பதைப் பட்டனே சொல்கிறது, 'மேலும் அறிய' என்று எழுதியிருந்தால் நான் தொட்டிருக்கமாட்டேன்.

ஆனால் அந்தப் படம் பாரம். என் போனில் படம் முழுதாக வருவதற்குள் பொறுமை போய்விடும் போலிருந்தது. பிரதானமான படமோ எழுத்தோ 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு, இது அதைத் தாண்டிப் போகிறது. கமெராவிலிருந்து எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சுருக்கி, வெப்பி வடிவத்தில் மாற்றிப் போட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பாரம் பாதிக்கும் கீழே போய்விடும். இங்கே இது இன்னும் முக்கியம். நம்மில் நிறையப் பேர் சமூக ஊடகங்களுக்கு மட்டும் தனியாக டேட்டா பக்கேஜ் எடுத்து வைத்திருக்கிறோம், பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் அதில் ஓடும், அங்கிருந்து ஒரு லிங்க்கைத் தொட்டு வெளியே போனால் சாதாரண டேட்டாதான் போகும், அது பலரிடம் மிச்சமே இருப்பதில்லை. அப்படி வந்தவருக்குப் படம் பாதியில் நின்றால் அவர் திரும்பிப் போய்விடுவார், கடைக்கு அவர் வந்ததே தெரியாது.

விலைக்கு வருகிறேன், இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நம் ஊரில் சின்ன வியாபாரங்களின் பக்கங்களில் 'விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்' என்பது ஒரு நோயாகவே ஆகிவிட்டது. ஒரு துணியின் விலை தெரிய மெசேஜ் போட்டு, அவர் பார்க்கும் வரை காத்திருந்து, பிறகு 'எந்த ஊர் நீங்கள்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, கடைசியில் கிடைக்கிற விலை மற்றவருக்குச் சொன்ன விலைதானா என்ற சந்தேகத்தோடு வாங்க வேண்டியிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரி தன் வியாபார இடத்தில் விலையைக் கண்ணில் படும்படி காட்ட வேண்டும் என்கிறது. கடையில் செய்ய வேண்டியதைத் தளத்தில் செய்ய ஏன் இவ்வளவு தயக்கம்? தையல் வேலையில் விலையை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது என்பது உண்மைதான், கைக்கு வேலைப்பாடு வந்தால் ஒரு விலை, முதுகில் முடிச்சு வைத்தால் இன்னொரு விலை. இந்தத் தளம் அதற்கு ஒரு நேர்மையான வழி கண்டுபிடித்திருக்கிறது. லைனிங் இல்லாத சட்டை, லைனிங் வைத்தது, பைப்பிங் வைத்தது, ஆரி வேலை செய்தது என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இத்தனை ரூபாயிலிருந்து' என்று தொடக்க விலையைப் போட்டு, எது சேர்ந்தால் கூடும் என்றும் அடியில் எழுதியிருக்கிறார்கள். சாரிக்கு ஃபோல்ஸ் அடிப்பதற்கும் ஓரம் பீக்கோ அடிப்பதற்கும் தனி விலை. துணி யார் கொண்டுவர வேண்டும், லைனிங் துணி விலைக்குள் அடக்கமா என்பதும் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி, எனக்கு இந்தக் கடையில் நம்பிக்கை வந்தது அதை வாசித்தபோதுதான்: 'லைனிங் துணியை நனைத்து, காயவைத்து, அயர்ன் பண்ணிய பிறகுதான் வெட்டுவோம், அதற்கு ஒரு நாள் கூடுதலாகப் போகும்.' முதல் முறை தோய்த்ததும் உள்ளே லைனிங் சுருங்கி, சட்டை இழுத்துக்கொண்டு நின்ற அனுபவம் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரியின் மதிப்புத் தெரியும்.

ஒரே குறை, ஆரி வேலை வரியில் மட்டும் ரூபாய்க்கு முன்னால் இந்திய ரூபாயின் குறி இருக்கிறது. ரெடிமேட் டிசைனில் இருந்ததை மாற்ற மறந்திருக்கிறார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் லண்டனிலிருந்து பார்க்கிறவருக்கு அது மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம், உடனே திருத்த வேண்டியது.

'அளவு எடுப்பது எப்படி' என்ற பக்கம்தான் தளத்தின் உயிர். அக்கா தன் கையாலேயே சட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பேனாவால் வரைந்து, படமெடுத்துப் போட்டிருக்கிறார். கொம்பியூட்டரில் வரைந்தது போல் நேர்த்தி இல்லை, கோடு கொஞ்சம் வளைந்துதான் போகிறது, ஆனால் அளவு நாடா எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதில் துளி குழப்பம் இல்லை. தோள், நெஞ்சுச் சுற்றளவு, இடுப்பு, சட்டையின் நீளம், கை நீளம், கைச் சுற்றளவு, முன் கழுத்து ஆழம், பின் கழுத்து ஆழம். பின் கழுத்து ஆழத்துக்கு அம்பு தோள் தையலிலிருந்து தொடங்குகிறது, 'கழுத்து எலும்பிலிருந்து அளக்காதீர்கள், ஒரு இஞ்சி குறைந்துவிடும்' என்று பக்கத்தில் கையெழுத்தில் ஒரு குறிப்பு. இந்த மாதிரி ஒரு குறிப்பை எந்த டிசைனராலும் எழுத முடியாது, எத்தனையோ சட்டைகளைப் பிரித்துத் திரும்பத் தைத்தவரால்தான் முடியும். அளவுச் சட்டை அனுப்புகிறவர்களுக்கும் தனியாக எழுதியிருக்கிறார்: இப்போது போடுகிற சட்டையை அனுப்புங்கள், எங்கே இறுக்கம், எங்கே லூஸ் என்று ஒரு துண்டில் எழுதி ஊசி குத்தி அனுப்புங்கள். ரொரன்டோவில் இருக்கிற என் மச்சாள் இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அளவு எடுத்து அனுப்பினாள், வந்திறங்கிப் போட்டுப் பார்த்தபோது கைக்குக் கீழே மட்டும்தான் கொஞ்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

கையெழுத்துப் படம் என்பதால் ஒரு வேண்டுகோள்: அதே விஷயத்தைக் கீழே எழுத்திலும் தட்டச்சு செய்து போட வேண்டும். படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் தேடி எடுப்பது கஷ்டம், கண் தெரியாதவர்கள் பயன்படுத்துகிற வாசிப்புக் கருவிகளுக்கும் அது வெறும் படம்தான்.

எழுத்து என்றதும் சொல்ல வேண்டியது, தளத்தின் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. இதைப் பாராட்ட வேண்டுமா என்று கேட்காதீர்கள், பாராட்டத்தான் வேண்டும். இலங்கையில் அச்சகங்களும் தட்டச்சு செய்கிற கடைகளும் இன்றைக்கும் பாமினி எழுத்துருவில்தான் பெரும்பாலும் வேலை செய்கின்றன. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டும் அவை தமிழாகத் தெரியும். அதிலிருந்து அப்படியே எடுத்துத் தளத்தில் ஒட்டினால், பார்க்கிறவரின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஏதோ ஒன்றுதான் வரும். அப்படியான பக்கங்களை நான் இன்னமும் பார்க்கிறேன், கல்யாண மண்டபங்களின் தளங்களில் கூட. எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோட் முறைக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும், மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. இன்னொரு வியாதி, போட்டோ எடிட் செய்கிற மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைப் போடாமல் பெனர் செய்வது, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும். இந்தத் தளத்தில் பெனர் எழுத்துகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் நிறத்தில் கோட்டை விட்டுவிட்டார்கள். தலைப்புகள் எல்லாம் இளம் மஞ்சள் பின்னணியில் தங்க நிறம், வீட்டுக்குள் பார்க்க வடிவுதான், பகல் வெயிலில் பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்த்தால் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் வேறுபாடு இருக்க வேண்டும் என்று சர்வதேச அணுகல் நெறிமுறை இருக்கிறது, தங்க நிறத்தை அரக்கு நிறமாக மாற்றினாலே இது தீர்ந்துவிடும்.

மொழி மாற்றுகிற பட்டனில் தமிழும் ஆங்கிலமும் இருக்கின்றன, சிங்களம் இல்லை. வெள்ளவத்தையில், பக்கத்தில் தெஹிவளையில், சிங்கள வாடிக்கையாளர்கள் இந்தக் கடைக்கு வந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன். முழுத் தளத்தையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை, விலையும் நேரமும் வழியும் போதும்.

'தைத்தவை' பக்கத்தில் சட்டைகளின் படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் என்ன துணி, என்ன கழுத்து, கை எப்படி என்று ஒரு வரி, அதைக் காட்டி "இந்த மாதிரி" என்று வட்ஸ்அப்பில் சொல்லலாம். முக்கியமாக, படங்களில் முகங்கள் இல்லை. சட்டைகள் பொம்மையில் போட்டோ மேசையில் விரித்தோதான் எடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு மூன்று படங்களில் ஆக்கள் இருக்கிறார்கள், அவற்றின் கீழே 'அனுமதியுடன்' என்று இருக்கிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன். கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்த பெண்ணின் படம் அவளுக்கே தெரியாமல் கடையின் பக்கத்தில் விளம்பரமாகப் போவதும், உறவினர் யாராவது பார்த்துச் சொல்லித்தான் அவளுக்குத் தெரியவருவதும் இங்கே சாதாரணமாக நடக்கிறது. தையல் கடையிடம் இருப்பது பெயரும் போன் நம்பரும் மட்டுமில்லை, உடம்பின் அளவுகள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்றையே நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. அளவு விவரங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று இந்தத் தளம் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும், இப்போதைக்கு அது இல்லை.

'கடைக்கு வரும் வழி' பகுதி நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. முகவரியை இலக்கம், ஒழுங்கை, கொழும்பு 06 என்று எழுத்தில் போட்டு, பிறகு ஒரு ஆள் வழி சொல்வது போல எழுதியிருக்கிறார்கள்: காலி வீதியில் எந்தப் பஸ் தரிப்பிடத்தில் இறங்குவது, எந்த மருந்துக்கடைக்குப் பக்கத்தால் திரும்புவது, மேல் மாடிக்குப் படி எந்தப் பக்கம். வாகனத்தில் வருகிறவர்களுக்கு, ஒழுங்கைக்குள் நிறுத்த இடமில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். கூகுள் மெப்பும் இருக்கிறது, குறி சரியான கட்டடத்தில்தான் விழுகிறது. நேரத்தில் வழக்கமான காலை மாலை நேரங்களோடு, போயா நாளில் பூட்டு என்றும் ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் என்றும் எழுதியிருக்கிறார்கள். போயாவன்று கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்து மூடிய கதவைப் பார்த்தவருக்கு இந்த வரி எவ்வளவு தேவை என்று விளங்கும். கூகுளில் கடையின் பெயரைத் தேடினால் வலது பக்கத்தில் வருகிற பெட்டியில் மட்டும் ஞாயிறு முழுநாளும் திறந்திருப்பதாக இருக்கிறது. தளத்தில் ஒன்று, கூகுளில் ஒன்று என்றால் ஆக்கள் கூகுளைத்தான் நம்புவார்கள், ஆகவே அங்கேயும் போய் மாற்ற வேண்டும், அதற்குக் காசு ஒன்றும் இல்லை.

இனி, எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம். அடியில் ஒரு தொடர்புப் போர்ம் இருக்கிறது, பெயர், ஈமெயில், செய்தி என்று மூன்று பெட்டி. நிரப்பி அனுப்பினேன், 'நன்றி, விரைவில் தொடர்பு கொள்வோம்' என்று வந்தது, ஒருவரும் தொடர்பு கொள்ளவில்லை. பிறகு நேரில் போனபோது கேட்டேன். அக்காவுக்கு அப்படி ஒரு போர்ம் இருப்பதே நினைவில் இல்லை, செய்திகள் தளம் செய்த நேரத்தில் திறந்த ஒரு ஈமெயிலுக்குப் போகின்றன, அதை யாரும் திறப்பதில்லை. அன்றைக்கே திறந்து பார்த்தோம், உள்ளே பல ஓடர் விசாரிப்புகள், ஒன்று நோர்வேயிலிருந்து, கல்யாணத் திகதியே தாண்டிப் போயிருந்தது. அந்தப் பெண் இந்தக் கடையைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்? பார்க்க ஆளில்லாத போர்மைப் போடுவதை விடப் போடாமலே இருக்கலாம். வட்ஸ்அப்பில் கேட்டால் இவர்கள் நன்றாகப் பதில் சொல்கிறார்கள், அதுவே போதும்.

வட்ஸ்அப்பிலும் ஒரு இடத்தில் பிழை. மேலே இருக்கிற பட்டன் சரியாக வேலை செய்கிறது, பக்கத்தின் அடியில் இருக்கிற பச்சைக் குறி வேலை செய்யவில்லை, தொட்டால் அந்த நம்பர் வட்ஸ்அப்பில் இல்லை என்று வருகிறது. லிங்க்கைப் பார்த்தேன், 94க்குப் பிறகு 077 என்று போட்டிருக்கிறார்கள். நாட்டு இலக்கம் வந்தால் முன்னால் இருக்கிற பூச்சியம் போய்விட வேண்டும், 9477 என்றுதான் தொடங்க வேண்டும். சின்னக் கடைகளின் தளங்களில் இந்தப் பிழையை நான் அடிக்கடி பார்க்கிறேன், செய்து கொடுப்பவர்கள் தங்கள் போனிலிருந்து ஒரு முறை தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

'எங்களைப் பற்றி' நாலு வரிதான். யார் தைக்கிறார்கள், எங்கே தையல் பழகினார்கள், எப்போதிலிருந்து வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். மெஷினுக்கு முன்னால் மூவரும் நிற்கிற ஒரு படம். போதும். வாடிக்கையாளர் கருத்துகள் என்று மூன்று பெட்டிகளும் இருக்கின்றன, அவற்றை எடுத்துவிடச் சொல்வேன், ஏனென்றால் முழுப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் போல இருக்கின்றன. கூகுளில் இந்தக் கடைக்கு நல்ல கருத்துகள் நிறைய இருக்கின்றன, கைக்குழி பிழைத்தது என்று ஒருவர் குறை சொன்னதும், அதற்கு அக்கா இலவசமாகத் திருத்தித் தருவதாக எழுதிய பதிலும் கூட அங்கே இருக்கின்றன. அந்த லிங்க்கைக் கொடுத்தால் பல மடங்கு நம்பிக்கை வரும்.

காசு கட்டுவது பற்றி அடியில் சுருக்கமாக இருக்கிறது: பாதி முற்பணம், வங்கிக்குப் போட்டு ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பலாம், கடையில் போனால் ஸ்கேன் செய்து காசு கட்டுகிற லங்கா கியூஆர் உண்டு. தளத்திலேயே கார்ட்டால் கட்டுகிற வசதி இல்லை, இந்த அளவு கடைக்கு அது தேவையென்றும் எனக்குத் தோன்றவில்லை. ஓடரை நிறுத்தினால் முற்பணம் என்னாகும் என்பது மட்டும் எழுதப்படவில்லை, வெட்டுமுன் சொன்னால் திருப்பித் தருவோம், வெட்டிய பிறகு இல்லை என்று நேரில் சொன்னார். அதையே அப்படியே எழுதிப் போடலாம். பக்கத்தின் கடைசி வரியில் ஆண்டு பழையதாகவே நிற்கிறது. அதற்கு மேல் 'சித்திரைப் புத்தாண்டு ஓடர்கள் நிறைவடைந்துவிட்டன' என்ற அறிவித்தல் ஆவணியிலும் தொங்குகிறது, வாசிக்கிறவர் கடை ஓடர் எடுப்பதில்லை என்று நினைத்துவிடுவார். போனிலிருந்தே மாற்றுகிற மாதிரி அந்த ஒரு அறிவித்தலையாவது அக்காவின் கையில் கொடுத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் தளம் செய்த பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறதாம்.

தீபாவளிக்குத் தைக்கக் கொடுக்க நினைப்பவர்களுக்கு: முதலில் விலைப் பக்கத்தையும் அளவுப் பக்கத்தையும் பாருங்கள், பிறகு மேலே இருக்கிற வட்ஸ்அப் பட்டனைத் தொட்டுத் தமிழிலேயே எழுதுங்கள், வொய்ஸ் அனுப்பினாலும் கேட்பார்கள், மத்தியானத்தில் பதில் வராது, பின்னேரம் வரும். அடியில் இருக்கிற பச்சைக் குறியைத் தொடாதீர்கள். அந்தப் போர்மையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன், இதை எழுதும்வரை அது அங்கேதான் இருக்கிறது.